சேம்சைடு

கெலிச்சோம் சார். ஒண்ணுக்கு ஜீரோ. என் மூஞ்சைப் பாத்துட்டு தோத்துட்டு வரேன்னு நெனச்சீங்க இல்ல? பரவால்ல, கண்டக்டரும் அப்டித்தான் நெனச்சாரு. ஏறும்போதே "இன்னா பெருசு, ஊத்திகிச்சா"ன்னு கேட்டாரு. ஜெர்சி போட்டுகினு ஏறுன அத்தினி பேரும் கத்திகினு வரானுங்க. நான் ஒருத்தன் வாயைத் தெறக்காம கம்பியைப் புடிச்சுகினு நின்னா அவரு வேற இன்னா நெனப்பாரு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்த முட்டியை நீட்டிக்கிறேன். ஆங், போதும்.

ஃபுட்பால் பாப்பீங்களா? பாக்க மாட்டீங்க, கிரிக்கெட்டு. தப்பில்ல. எங்க ஏரியாவுல கொழந்தை பொறந்தா மொதல்ல காலைப் பாப்போம், அப்பாலதான் மூஞ்சி. பெரம்பூர் ஸ்டேஷனாண்ட பஞ்சர் கடை என்னுது. வேதமுத்துன்னு கேட்டா எவனும் சொல்வான். டீமு பேரு பக்கிங்ஹாம் எஃப்.சி. லண்டன் இல்ல சார், நம்ம கால்வா. சம்பளத்துக்கு ஆடுற பசங்க, டிவியில வர்ற லீகு, சொம்மா தெருவுல ஆடுற கூட்டம் இல்ல. டீமு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கிழக்கு கேலரியில நானும் என் பொண்ணும். எப்சிபான்னு பைபிள் பேரு அவளுக்கு, எப்சின்னு கூப்புடுவோம். அவங்கம்மா போனதுக்கப்புறம் எங்க போனாலும் ரெண்டே டிக்கெட்டுதான்.

கெலிச்சா சந்தோசப்பட வேண்டியதுதானன்னு கேக்குறீங்க. கேலரியே என்னை அத்தத்தான் கேட்டுச்சு. நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. உங்க வண்டி வழியில பஞ்சர் ஆயிடுச்சு. தள்ளிகினே வூடு வந்து சேந்துட்டீங்க. சேந்தது சேந்ததுதான், இல்லன்னு சொல்லல. அதுக்காக வண்டி நல்லா ஓடுச்சுன்னு சொல்வீங்களா? இன்னிக்கு எங்க ஆட்டம் அப்டித்தான்.

பின்னாடி நிக்கிற நாலு பேரை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், செவுரு மாரி நிக்கிறானுங்க. கோல்கீப்பரு தங்கம். பேஜாரு மொத்தமும் முன்னாடிதான், அடிக்கிற எடத்துல. நடுவுல ஒருத்தன் பந்தைக் காலாண்ட வச்சுகினு கொஞ்சிகினே கீறான், எவனுக்கும் குடுக்க மனசு வரல. லெஃப்டு விங்குல ஆடுறவன் பந்து வந்த ஒடனே தலையைக் குனிஞ்சுக்குறான். தலையைத் தூக்குனாத்தான எவன் எங்க நிக்கிறான்னு தெரியும்? அங்க ஒருத்தன் கையைத் தூக்கிகினு தனியா நிக்கிறான். இவன் மூலையில கீற கொடிக்கம்பு வரைக்கும் ஓடி, பந்தை வெளிய தள்ளிட்டு, இடுப்புல கை வச்சுகினு வானத்தைப் பாக்குறான். வந்த டீமு மங்களூரு, லீகுல கடைசி எடம். அவங்களாண்டயே இந்த லட்சணம். இத்த நான் சீசன் பூரா சொல்லிகினு கீறேன். சரி, மொதல்ல சொன்னது எப்சி. ஆனா சத்தமா சொன்னது நான்தான்.

அவ மெதுவாத்தான் சொல்வா. "அப்பா, அவன் பந்தை எடது கால்லேர்ந்து வலது காலுக்கு மாத்துற நேரத்துல ரெண்டு பேரு வந்துடுறாங்க பாரு"ம்பா. நான் எழுந்து நின்னு அத்தையே கத்துவேன். பின்னாடி உக்காந்திருக்கிறவங்க "முத்தண்ணன் கண்ணு கண்ணுதான்யா"ம்பாங்க. ரத்தம் டெஸ்ட்டு பண்ற லேபுல வேலை அவளுக்கு, பார்வை கூர்மை. என்கிட்டேர்ந்து போனதுதான்.

கோலுக்கு வரேன். ஃபர்ஸ்ட் ஆஃப்ல ஒரு பெனால்டி கெடச்சுது, வெளிய போச்சு, அத்த வுடுங்க. ஆட்டம் முடியப் போற நேரத்துல ஒரு கார்னரு. மூலையிலேர்ந்து பந்து ஒசந்து வருது. எங்க ஒம்போதாம் நம்பரு எகிறுறான். ரூபன்னு பேரு, எங்க பக்கத்துத் தெரு பையன். அவன்கூட மங்களூர்க்காரன் ஒருத்தனும் எகிறுறான். ரெண்டு பேரும் பந்தைத் தொடல. பந்து கீழ எறங்கி, பின்னாடி நின்ன இன்னொரு மங்களூர்க்காரன் முட்டியில பட்டு, அவனுங்க கோலுக்குள்ளயே போச்சு. வேகமாக் கூட இல்ல சார், உருண்டுகினு போச்சு. கீப்பரு ஒரு பக்கம் உழுந்து கெடக்குறான், அது பாட்டுக்கு இன்னொரு பக்கமா உள்ள போகுது.

மைக்குல "கோல், நம்பர் ஒம்போது, ரூபன்"னு அடிச்சு வுட்டான். கேலரி வெடிச்சுது. எங்க கேலரிக்கு டிரம்மு அடிக்கிறவரு அபூபக்கர் பாயி. காசிமேட்டுல வலைக்கடை, சின்ன வயசு தோஸ்த்து. டிரம்மை அப்டியே கீழ போட்டுட்டு ஓடியாந்து என்னைக் கட்டிப் புடிச்சுகினு, "முத்து, பிரியாணி எப்போ"ன்றாரு. முன்னாடி பின்னாடி கீறவன் எல்லாம் என் கையைப் புடிச்சுக் குலுக்குறான். ஏதோ நான்தான் கோல் அடிச்ச மாரி. நான் கையை ஒதறிட்டு சொன்னேன், "சேம்சைடு கோலுப்பா இது."

நீங்க கூட சொல்வீங்க இல்ல, ஆபீஸ்ல நம்மாளே நமக்கு வேட்டு வச்சுட்டா, சேம்சைடு கோல் போட்டுட்டான்னு? அந்த வார்த்தை எங்க கிரவுண்டுலேர்ந்து வந்ததுதான். மங்களூர்க்காரன் அவன் கோலுல அவனே போட்டுகினான். கெலிப்பு எங்களுக்கு வரும், கோலு எங்காளுக்கு வராது. எவன் வேணா மைக்குல சொல்லட்டும், வராது.

கெலிச்சாச்சு, எவன் போட்டா இன்னான்றீங்க. உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு அந்த ஒரு கோலுலதான் சார் என் பொண்ணு கல்யாணமே கீது.

சிரிக்காதீங்க. சிக்னலு இப்போதைக்கு வுட மாட்டான், டவுட்டன்ல எப்பவும் இந்த கதிதான். சொல்றேன் கேளுங்க.

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். காலையில ரூபன் வண்டியைத் தள்ளிகினு கடைக்கு வந்தான். டிவியில வர்ற மூஞ்சி, ரோட்ல போனா பத்து பேரு செல்ஃபி எடுப்பான். ஆனா எங்க கடைக்கு வந்தா பெஞ்சுல உக்கார மாட்டான், நின்னுகினே இருப்பான். அந்த மரியாதை உண்டு. நான் டியூபைக் கழட்டி, காத்தடிச்சு, தொட்டித் தண்ணியில முக்கி, எங்க பபுள் வருதுன்னு பாத்துகினு கீறேன். குனிஞ்சிருக்கேன், அவன் மூஞ்சைப் பாக்கல. "அங்கிள், நானும் எப்சியும் கட்டிக்கலாம்னு கீறோம். உங்களாண்ட கேட்டுட்டுத்தான் எதுவும்னு எப்சி சொல்லிச்சு"ன்றான்.

ஓட்டை தெரிஞ்சுபோச்சு, அது மேல விரலை வச்சுகினேன், எடுக்கல. தண்ணிக்குள்ளயே கை கீது. பக்கத்துல கம்ப்ரஸரு ஓடுது. குனிஞ்ச வாக்குலயே சொன்னேன், "மொதல்ல ஒரு கோல் அடி. அடிச்சிட்டு வந்து பொண்ணு கேளு."

வெளையாட்டா வந்த வார்த்தைன்னே வச்சுக்குங்க. அவன் சிரிக்கல. "சரி அங்கிள்"னான். வண்டியை எடுத்துகினு போயிட்டான். அவன் சிரிச்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன், முடிஞ்சிருக்கும். அவன் பெரிய மனுசன் மாரி "சரி"ன்னதுக்கப்புறம் நான் எப்டி எறங்கி வர்றது? வார்த்தைன்னா வார்த்தைதான். வுட்டதை வாபஸ் வாங்குற பழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது.

அதுக்கு முன்னாடி அவன் அடிக்கலயான்னா, அடிச்சான். நல்லாவே அடிச்சான். டிசம்பர்ல ஒரே ஆட்டத்துல மூணு போட்டான், கேலரி அவனைத் தோள்ல தூக்காத கொறை. பொங்கலுக்கு அப்பாலதான் ஒண்ணு கூட இல்ல. தெறந்த கோலு சார், கீப்பரு கெடையாது, நம்ம கண்டக்டர் அடிச்சாக்கூட உள்ள போவும். இவன் பந்தாண்ட நின்னு யோசிக்கிறான். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எவனோ வந்து எடுத்துகினு போயிடுறான். பேப்பர்ல எழுதுறான், டிவியில கோட்டு போட்டவன் ரெண்டு பேரு உக்காந்துகினு பேசுறான், பக்கிங்ஹாம் அடிக்கிற லைன்ல இன்னா கோளாறுன்னு. பாயி தெனம் கடைக்கு வந்து தலையில அடிச்சுக்குறாரு, "பொங்கலுக்கு மேல இந்தப் பையனுக்கு எவன் செய்வினை வச்சான்னு தெரியலயே முத்து"ன்னு.

நான் அவருக்குப் பொறுமையா சொன்னேன். செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. லெஃப்டு விங்கு தலையைத் தூக்க மாட்றான், நடுவுல கீறவன் பந்தைக் குடுக்க மாட்றான், கோச்சு பெஞ்சுல உக்காந்து கொட்டாவி வுடுறான். வேற இன்னா காரணம் இருக்க முடியும்?

எப்சிதான் ஒரு நாளு சோறு போடும்போது சொன்னா. "அப்பா, அவன் காலாண்ட இப்போ பந்து இல்லப்பா, நான் கீறேன். எப்டி அடிப்பான்?"னு. எனக்கு அது புரியல. பந்து கால்லதான் கீது, நான்தான் பாக்குறேனே.

பையன் எப்டின்னு கேக்குறீங்க. நல்ல பையன். தண்ணி, பீடி ஒண்ணும் கெடையாது. அப்பா இல்ல, அவங்கம்மா இட்லி ஆப்பம் போட்டு வளத்த புள்ளை. அந்தம்மா எங்க தெருவுல போனா தலையை நிமிந்து கூட பாக்காது, அவ்ளோ தன்மை. பின்ன இன்னா தடைன்னா, ஒரு தடையும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, கோவாவுல ஒரு டீமு அவனைக் கேட்டுகினு கீது. அடுத்த சீசனுக்கு. போனான்னா அவன் மட்டுமா போவான்?

அதுக்காக நான் தடுக்குறேன்னு அர்த்தம் இல்ல. எனக்கு இன்னா கஷ்டம்? டீ நான்தான் போடுறேன், என் துணி நான்தான் தொவைக்கிறேன். கோவா இன்னா, டெல்லி போனாக்கூட ஒண்ணும் ஆயிடாது. ஆனா அந்த கேலரியில அவ இல்லாம நான் யாரைப் பாத்து பேசுவேன் சார்? ஆட்டம் பாக்குறதே அவ சொல்றதைக் கேக்கத்தான். அந்தப் பக்கம் காலியா கெடந்தா நான் எந்தப் பக்கம் திரும்புறது? சொல்லுங்க.

வண்டி நவுருது. நல்லது.

எங்க வுட்டேன்? ஆங். நான் சேம்சைடுன்னேன். கேலரியில ஒருத்தன் பாக்கியில்லாம என் மேல பாஞ்சான். இந்தக் கண்டிஷன் விசயம் எப்டியோ கசிஞ்சு ஏரியா பூரா தெரியும், அவன் எப்போடா அடிப்பான்னு ஆட்டோ ஸ்டாண்டுல பந்தயமே நடக்குது. ஆட்டம் முடிஞ்சு எல்லாம் ஸ்டேடியம் கேட்டாண்ட கூடிட்டாங்க. கெலிச்ச கூட்டம் டான்ஸு ஆடும், பாத்திருப்பீங்க. எங்க கூட்டம் ஒரே ஒரு ஃபோனைச் சுத்தி மூஞ்சியை உள்ள வுட்டுகினு நிக்குது. பாயி ஃபோனு. அந்தக் கோலைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குறாங்க.

"அவன் தலையில பட்டுச்சு"ன்றாரு பாயி. "படல"ன்றேன் நான். "நெத்தியில பட்டுச்சு." "எங்க பட்டுச்சு, காட்டு." பெருசு பண்ணிப் பாக்குறாங்க. தலைக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு கை அளவு வெளிச்சம் தெரியுது. பாயி வுடல. ரூபன் இப்போ ஜெல்லு போட்டு முடியை நட்டமா நிக்க வச்சுகினு திரியிறான். "அந்த முடியில பட்டுச்சு, தோ பாரு, முடி ஆடுது"ன்றாரு. காத்துல ஆடுதுன்றேன். "முடி யாருது முத்து? அவனுதுதான? அப்போ கோலும் அவனுது. இதுக்கு மேல உனக்கு இன்னா வேணும்"ன்றாரு. வலைக்கடை வச்சுகினு எப்டி லா பாயிண்டு பேசுறாரு பாருங்க. கூட்டம் கைதட்டுது.

நான் அசையல. இந்தக் கூட்டத்துக்கு ஆட்டம் முக்கியமில்ல, பிரியாணி முக்கியம். இதே ஆளுங்கதான் போன வாரம் அடிக்கிற லைனு மொத்தத்தையும் தூக்கிக் கடாசுன்னு கத்துனவங்க. இன்னிக்கு முட்டியில பட்டு உருண்டதும் உலகத்துலயே இப்டி ஒரு ஃபார்வர்டு இல்லன்றானுங்க. உண்மைன்னு ஒண்ணு கீதா இல்லயா? நான் ஒண்டி ஆளா நின்னேன், பத்து பேரு சுத்தி. ஒரு வார்த்தை மாத்தல.

அந்த நேரத்துல ரூபன் வரான். குளிச்சிட்டு, தோள்ல பையை மாட்டிகினு, ப்ளேயருங்க வர்ற கேட்டுலேர்ந்து நேரா எங்களைப் பாத்து. எப்சி தள்ளி நின்னுகினு இருந்தா, தனியா. ஏன் தனியான்னா, அது வேற. அவன் அவளாண்ட போகல, என்னாண்ட வந்தான். கூட்டம் அவனுக்கு வழி வுட்டுச்சு.

நான் மூஞ்சிக்கு நேரா கேட்டேன். "ரூபா, கர்த்தர் மேல சத்தியமா சொல்லு. அது உன் கோலா?"

பாயி அவனுக்குப் பின்னாடி நின்னுகினு முடியைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாரு, சொல்லு சொல்லுன்னு.

அவன் சொன்னான், "இல்ல அங்கிள். முடியில கூட படல. அவன் முட்டியில பட்டுத்தான் போச்சு."

பாத்தீங்களா? அவனே சொல்லிட்டான். பாயி நெத்தியில அடிச்சுகினு ஃபோனைப் பையில போட்டாரு. நான்தான் கரெக்டு. அத்தினி பேரு சொன்னதும் தப்பு, நான் ஒருத்தன் சொன்னது கரெக்டு. "அடுத்த மேட்ச்சுல அடிச்சிட்டு வரேன் அங்கிள்"னான் பையன். நானும் மரியாதையா, "வா, வார்த்தை வார்த்தைதான்"னேன். அத்தோட முடிஞ்சிருக்கணும் சார். அந்த எடத்துல நான் கெலிச்சுட்டேன்.

எப்சி நடந்து வந்தா. என்னைப் பாக்கல. அவனாண்ட சொன்னா, "நீ ஒண்ணும் அடிச்சிட்டு வர வேணாம். ஞாயித்துக்கெழமை சர்ச்சு முடிஞ்சதும் உங்கம்மாவைக் கூப்ட்டுகினு தட்டோட வூட்டுக்கு வா."

நான் வுடுவேனா? "இன்னாம்மா இது, கண்டிஷன் இன்னா ஆச்சு?"ன்னேன்.

அப்போதான் திரும்புனா. சின்ன வயசுலேர்ந்து என்னை நீ, வா, போன்னுதான் பேசுவா. அவங்கம்மா எவ்ளவோ திட்டியும் மாத்திக்கல, எனக்கும் அதான் புடிக்கும். இன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி நின்னுகினு, "கண்டிஷன் போட்ட நீங்க எந்த டீமுன்னு பெனால்டியப்பவே பாத்துட்டேன்"னா. நீங்கன்னா சார். நீங்க.

சரி, பெனால்டியைச் சொல்லிடுறேன். நீங்களே நியாயம் சொல்லுங்க. ஃபர்ஸ்ட் ஆஃபு, மங்களூர்க்காரன் அவன் கோலு முன்னாடி கீற பாக்ஸுக்குள்ள பந்தைக் கையால தொட்டுட்டான். பெனால்டி. ரூபன் பந்தை எடுத்து வைக்கிறான். கேலரியே எழுந்து நிக்குது, எல்லாருக்கும் தெரியும் இது கோலு மட்டுமில்ல, கல்யாணம்னு. பாயி டிரம்மு குச்சியைத் தூக்கிப் புடிச்சுகினு கீறாரு, போட்ட ஒடனே அடிக்கிறதுக்கு. எப்சி என் கையைப் புடிச்சுகினா. அவன் ஓடி வந்து அடிச்சான். கம்பத்துக்கு மேல போச்சு. கேலரி மொத்தமும் "ஐயோ"ன்னுச்சு.

நான் "அப்பாடா"ன்னேன்.

அவ்ளோதான் சார். ஒரே ஒரு வார்த்தை. இந்த முட்டியைப் பாருங்க, எவ்ளோ நேரம்தான் நிப்பேன், உக்காந்தேன். வயசானவன் உக்காந்தா அப்பாடான்னு வராதா? நீங்க சொல்ல மாட்டீங்க? "ஐயோ"ன்னுட்டு அந்த நேரம் பாத்து கேலரி மூச்சடைச்சு நின்னுது, என் சத்தம் மட்டும் தனியா கேட்டுடுச்சு. பாயி குச்சி அப்டியே அந்தரத்துல நிக்குது. முன்னாடி ரெண்டு வரிசைக்காரன் திரும்பிப் பாக்குறான். எப்சி கையை வெடுக்குன்னு புடுங்கல. மெதுவா எடுத்துகினா. தண்ணி பாட்டிலை எடுத்துகினு கீழ எறங்கி, கம்பி வேலியாண்ட போயி நின்னுகினா. மீதி ஆட்டம் பூரா அங்கயே நின்னா. லெஃப்டு விங்கு எத்தினி தப்பு பண்ணான், ஒண்ணை எனக்கு யாரும் சொல்லல.

முட்டி வலின்னு சொன்னா எவன் நம்புறான்? நீங்க நம்புறீங்க இல்ல? ஏன் ஜன்னலைப் பாக்குறீங்க?

சரி, வுடுங்க. நம்பாட்டி போங்க. நான் தலை குனிய மாட்டேன். எத்தினி வருசமா அந்த கேலரியில தொண்டை கிழிச்சவன், எங்காளு கோல் அடிக்கக் கூடாதுன்னு நெனப்பேனா? பெத்த பொண்ணு நல்லா இருக்கக் கூடாதுன்னு நெனப்பேனா? அவ கேலரி கூட்டத்தோட ஆட்டோவுல ஏறிப் போயிட்டா. போவும்போது, "பாத்து வாங்க, பஸ்ஸுல கூட்டமா இருக்கும்"னா. அப்பவும் வாங்கதான்.

ஜமாலியா தாண்டிட்டோமா? அடுத்ததுக்கு அடுத்தது என் ஸ்டாப்பு. சனிக்கெழமை மறுபடி இங்கயே மேட்ச்சு, கேரளா டீமு வருது. ஞாயித்துக்கெழமை அவங்க தட்டோட வராங்க. அந்தத் தட்டு வரத்தான் போவுது சார், எனக்குத் தெரியும். அவன் கோல் அடிச்சாலும் வரும், அடிக்காட்டியும் வரும். நிறுத்துற பவரு என்னாண்ட இல்ல. வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லத்தான் போறேன், எங்க வூட்டுக்கு வந்தவங்களை நாங்க வெளிய நிக்க வச்சதில்ல.

ஆனா ஒண்ணு கீது. சனிக்கெழமை அவன் ஒரே ஒரு கோல் போட்டுட்டான்னு வையிங்க, நான் சொன்ன வார்த்தைப்படி என் பொண்ணை நான் குடுத்ததா ஆவும். போடலன்னா, அவளா எழுந்து போனதா ஆவும். ரெண்டும் ஒண்ணுன்னு நெனக்கிறீங்களா? உங்களுக்குப் பொண்ணு இருந்தா அப்டி நெனக்க மாட்டீங்க.

எறங்குறேன் சார். சனிக்கெழமை டிவியில போடுவான், பாருங்க. கிழக்கு கேலரியில ஒருத்தன் எழுந்து நின்னு கத்திகினே இருப்பான், முட்டி போனாலும் உக்கார மாட்டான், அது நான்தான். பக்கத்துல அவ உக்காந்தாலும் உக்காராட்டியும் கத்துவேன். டேய் லெஃப்டு விங்கு, தலையைத் தூக்குடா. பந்தை அவனுக்குக் குடுடா, நான் அவனுக்குப் பொண்ணைக் குடுக்கணும்.